முதல் ஆல்பத்தை லேபிளுக்கு எழுதிக் கொடுக்கலாமா?

"அண்ணா, நாங்கள் நான்கு பேர். சென்னையில் சில வருடங்களாகச் சேர்ந்து வாசிக்கிறோம். ஒன்பது தமிழ்ப் பாட்டு எழுதி, அதில் ஏழு பாட்டைப் பதிவு செய்துவிட்டோம், எல்லாம் கைக்காசு. ஒரு பாட்டு பாரதியார் வரிகள். இன்னும் பதிவு செய்யாத ஒன்று, எங்கள் கிடார்காரரின் அப்பத்தா பாடிய நடவுப் பாட்டு, அதில் பறை வருகிறது. இப்போது ஒரு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், 'ஒரு தொகை தருகிறோம், இரண்டு வீடியோவும் எடுத்துத் தருகிறோம், ஆல்பத்தை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்கிறது. கொடுக்கலாமா? நாங்களே வெளியிட்டால் யாராவது கேட்பார்களா? எங்கிருந்து தொடங்குவது?" என்று ஒரு பாடகி கேட்டிருக்கிறார்.

கொடுக்காதீர்கள்.

லேபிள்காரர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சாலிகிராமத்தில் ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் செய்து பிழைக்கிறவன் நான். அவர்கள் தரும் வேலையும் என் சோற்றில் உண்டு. ஆனால் யாரும் கேட்டிராத குழுவின் முதல் ஆல்பத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. நீங்கள் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் அந்தத் தொகையைச் சொல்லியிருப்பார்கள். நாளைக்கு உங்கள் மூன்றாவது ஆல்பம் ஓடினால், கேட்டவர்கள் முதல் ஆல்பத்தைத் தேடி வருவார்கள். அன்றைக்கு அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் எதை எழுதிக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. வரிக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவரின் ஆயுள் முழுக்கவும், அதற்கு மேல் 60 ஆண்டும் காப்புரிமை. மாஸ்டருக்கு வெளியான பிறகு 60 ஆண்டு. பதிவு நடப்பதற்கு முன்கை எடுத்து, பொறுப்பும் ஏற்றுக்கொண்டவர் யாரோ அவர்தான் சட்டப்படி மாஸ்டரின் முதல் உரிமையாளர். நீங்களே ஸ்டுடியோ பிடித்து, நீங்களே காசு கட்டியதால் இன்றைய தேதிக்கு அது உங்களுடையது. இதற்காக எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை, உருவானபோதே உரிமை வந்துவிடுகிறது. பின்னால் தகராறு வந்தால் காட்ட ஒரு காகிதம் இருக்கட்டும் என்று நினைத்தால் காப்புரிமை அலுவலகத்தில் பதியலாம்: வரிக்கும் மெட்டுக்கும் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய்.

1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. பாட்டின் வரியும் மெட்டும் ஒலிப்பதிவாகப் பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில், அதாவது ராயல்டியில், உரிமையை வாங்கியவருக்குச் சமமான பங்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. "எனக்கு வேண்டாம்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ, படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர அந்தப் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. இதைக் கேட்டுவிட்டு, "அப்போ பயமில்லை" என்று சில குழுக்கள் மாஸ்டரை எழுதிக் கொடுத்துவிடுகின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். அந்தப் பாதுகாப்பு வரிக்கும் மெட்டுக்கும்தான். மாஸ்டர் போனால், உங்கள் குரலையே ஒரு குறும்படத்தில் சேர்க்க அவர்களிடம் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, அடுத்த ஆல்பம் பற்றி என்ன எழுதியிருக்கிறது. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுதான் செல்லும், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று சட்டம் சொல்கிறது. அது தெரிந்தவர்கள் என்பதால்தான் "நிரந்தரமாக, உலகம் முழுக்க" என்று எழுதுகிறார்கள். அடுத்த இரண்டு ஆல்பத்தை முதலில் அவர்களுக்கே தர வேண்டும் என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வீடியோ செலவையும் பாருங்கள். "எடுத்துத் தருகிறோம்" என்று வாயால் சொன்னது, காகிதத்தில் "ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளப்படும்" என்று மாறியிருக்கும். செலவுக்கு உச்சவரம்பு இல்லையென்றால் அந்தக் கடன் தீரவே தீராது.

லேபிளே வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்பதற்குப் பதில் குத்தகைக்கு விடுங்கள். மாஸ்டர் உங்கள் பெயரில் இருக்கும். மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு வெளியிடும் உரிமையை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். காலம் முடிந்ததும் தானாகத் திரும்பி வர வேண்டும். வருமானத்தில் சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. இதற்கு ஒத்துக்கொள்கிற லேபிள் என்றால், உங்களால் முடியாத எதையாவது கொண்டுவருகிறதா என்று பாருங்கள். சினிமா இயக்குநர்களிடம் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள், வெளியூர் மேடைகள், பண்பலையில் நேரம். வெறுமனே யூடியூபில் ஏற்றுவதுதான் அவர்கள் வேலை என்றால் அதை நீங்களே செய்யலாம்.

சரி, லேபிளை விடுங்கள். எனக்குத் தெரிந்து இசைக்குழுக்களை லேபிள் உடைத்ததைவிட, "இந்த மெட்டு யாருடையது" என்ற சண்டை உடைத்ததுதான் அதிகம். நான்கு பேரும் சிநேகிதர்கள், எழுதிவைக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். சிநேகிதர்களாக இருக்கும்போதுதான் எழுத முடியும். மனக்கசப்பு வந்த பிறகு ஒரு வரி எழுத வராது. பாட்டுக்கு ஒரு பக்கம் போதும். வரி யார், எத்தனை சதவீதம். மெட்டு யார், எத்தனை சதவீதம். நான்கு கையெழுத்து, தேதி. டிரம்ஸ் வாசித்தவருக்கு மெட்டில் பங்கு உண்டா என்று கேட்பீர்கள். சட்டப்படி மெட்டைப் படைத்தவருக்குத்தான் அந்த உரிமை. வாசித்தவருக்கு இருப்பது வேறு, நிகழ்த்துவோர் உரிமை. நான் சொல்லும் ஏற்பாடு: வரியும் மெட்டும் யார் செய்தார்களோ அவர்களுக்கு, மாஸ்டர் நான்கு பேருக்கும் சமம். அப்போது பாட்டு எழுதாதவருக்கும் ஆல்பத்தில் சொத்து இருக்கிறது, ஒத்திகைக்கு நேரத்தில் வருவார்.

குழுவின் பெயர் யாருடையது என்பதையும் அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள். ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும்? பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவதென்றால் பொழுதுபோக்குச் சேவைகளுக்கான வகுப்பு 41, தனிநபராக இணையவழி விண்ணப்பித்தால் 4,500 ரூபாய். அதற்கு முன்னால் ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடிவிடுங்கள். இருந்தால் உங்கள் பாட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காரும், அதைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி.

பாரதியார் பாட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். அவர் படைப்புகள் 1949-லேயே அரசுடைமை ஆகிவிட்டன. ஆனால் அவர் வரிக்கு வேறொருவர் போட்ட பிரபலமான மெட்டை எடுத்திருந்தால் அந்த மெட்டுக்கு உரிமை தனி. சினிமாவில் வந்த மெட்டைக் கேட்டுக் கேட்டு, அது பாரதியே போட்டது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடவுப் பாட்டு வழிவழியாக வந்தது என்றால் அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. இருந்தாலும் அப்பத்தாவின் பெயரையும் ஊரையும் ஆல்பத்தில் போடுங்கள். அவர் குரலையே பதிவு செய்து சேர்ப்பதாக இருந்தால் அவரும் ஒரு பாடகர், அவருக்கும் எழுதிக் கொடுங்கள், பணமும் கொடுங்கள். பறை வாசிக்க வருகிறவருக்கும் அதேதான். "நம்ம பையன்தான், பிரியாணி வாங்கிக் கொடுத்தால் போதும்" என்பது இந்த ஊரில் ரொம்ப நாளாக நடக்கும் அநியாயம்.

மீதி இரண்டு பாட்டின் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையின் காற்றோடு மல்லுக்கட்டுகிற வேலை அது. ஸ்டுடியோவில் குரல் பிடிக்கும் நுட்பமான கன்டென்சர் மைக்குக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்திலும், கடற்கரைப் பக்கத்து வீடுகளில் எல்லாக் காலத்திலும், திடீரென்று படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், மைக்கின் தகட்டில் ஈரம் கோத்திருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் மைக்கை வையுங்கள். கிடார் கம்பிகள் பெசன்ட் நகரில் துருப்பிடிக்கும் வேகம் அண்ணா நகரில் இருக்காது. பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் புதுக் கம்பி மாட்டி, இழுத்து இழுத்துச் சுருதி நிற்க வைத்துவிட்டு வாருங்கள்.

பறை இன்னும் சிரமம். தோல் சூடாக இருந்தால்தான் அந்தக் கணீர் சத்தம். நெருப்பில் காய்ச்சிக் கொண்டுவந்து ஏசி அறைக்குள் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் பறை வாசிக்கும் பகுதிக்கு ஏசியை நிறுத்திவிடுங்கள். முன்கூட்டியே மைக் வைத்து, வேறொரு பறையை வைத்து அளவெல்லாம் சரிபார்த்துவிட்டு, கடைசியில் காய்ச்சிய பறையை உள்ளே கூப்பிடுங்கள். இரண்டு பறை இருந்தால் ஒன்று உள்ளே வாசிக்கும்போது இன்னொன்று வெளியே காய்ந்துகொண்டிருக்கலாம். மைக்கைப் பறையின் முகத்துக்கு நேராக ஒட்டிவைத்தால் வெறும் அடிதான் கேட்கும். நாலடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் அறையும் சேர்ந்து பேசும். ஃபைபர் பறை கொண்டுவந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஆனால் அப்பத்தா பாட்டுக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

குரலை வீட்டிலேயே பதிவு செய்வதாக இருந்தால் அலமாரியைத் திறந்து, தொங்கும் புடவைகளைப் பார்த்தபடி பாடுங்கள். காசு செலவில்லாத எதிரொலித் தடுப்பு அதுதான். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், ஏப்ரலில் கஷ்டம்தான். இண்டி பாப்பில், அதாவது சினிமாவைச் சாராத பாட்டில், வாய்ப்பாட்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்க வேண்டும். சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு எதிரொலியைக் கொட்டினால்தான் பெரிய பாட்டு என்று தோன்றுகிறது. வார்த்தை கேட்காமல் போனால் உங்களிடம் மிச்சம் என்ன இருக்கிறது? நூறு வயலின் வைத்து ஈடுகட்ட உங்களால் முடியாது.

மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலையில், சத்தத்தை ஏற்றி ஏற்றி நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு, அதைவிடச் சத்தமான பாட்டை எல்லாம் தணித்துவிடுகின்றன. நசுக்கியதால் போன உயிர் மட்டும் திரும்பாது.

வெளியீட்டுக்கு வருவோம். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு விநியோகஸ்தர் மூலம் எல்லாத் தளத்துக்கும் நீங்களே அனுப்பலாம், மாஸ்டர் உங்களிடமே இருக்கும். ஒன்பது பாட்டையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். மூன்று பாட்டைத் தனித்தனியாக, சில வார இடைவெளியில் விட்டுவிட்டு அப்புறம் ஆல்பம். தனியாக விட்ட பாட்டை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே ஐஎஸ்ஆர்சி எண்ணைக் கொடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும், 12 எழுத்து-எண் கொண்ட அந்தக் குறியீடு மாறிவிட்டால், அதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கை ஆல்பத்தோடு சேராமல் போகலாம். பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு நேரத்தில் வெளிவராத ஒரு பாட்டைத்தான் பரிந்துரைக்க முடியும். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் வாராந்திரப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். நடைமுறையில் நான்கு வாரம் முன்னால் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். விரல்நகம் அளவில் பார்த்தாலும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு தடவை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ழகரத்துக்கு ஒரு தளத்தில் இசட்-எச், இன்னொன்றில் வெறும் எல் என்று போட்டால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. வரிகளைத் தமிழ் எழுத்திலேயே மியூசிக்ஸ்மேட்ச் என்ற பாடல்வரித் தளத்தில் ஏற்றுங்கள். அப்புறம், காசு கொடுத்து வாங்கிய லூப்போ (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத்துண்டு) தாளமோ எந்தப் பாட்டிலாவது இருந்தால், உங்கள் ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியை அந்தப் பாட்டுக்குப் போடாதீர்கள். அதே லூப்பை வைத்திருக்கும் இன்னொருவர் வீடியோவுக்கு உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய், உங்கள் கணக்குக்கே சிக்கல் வரும்.

பணம்? ஸ்ட்ரீமிங்கில் பதிவுச் செலவு திரும்பும் என்று கணக்குப் போடாதீர்கள். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை மாஸ்டர் ராயல்டி தருவதே இல்லை. வருவதையாவது முழுசாக வாங்குங்கள். அமெரிக்க விநியோகஸ்தரிடம் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பிக் கொடுத்தால், அமெரிக்காவில் கேட்பவர்களால் வரும் ராயல்டியில் வரிப் பிடித்தம் 30-க்குப் பதில் 15 சதவீதம். நம் பாட்டை அங்கே கேட்கிற தமிழர்கள் நிறைய, அதனால் இது சின்ன விஷயம் இல்லை. எழுதியவரும் இசையமைத்தவரும், வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி வசூலிக்கும் காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் தனித்தனியாக உறுப்பினராகி, ஒன்பது பாட்டையும் அங்கே பதியுங்கள். சினிமாவில் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறுப்பினர் ஆகிவிட்டுப் பாட்டைப் பதியாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், பணம் பெயர் தெரியாமல் அங்கேயே கிடக்கும்.

இசைக்குழுக்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்கே தருகிறார்கள். ஆனால் அங்கே பணம் பேபால் வழியாகத்தான் வரும், அந்த பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலை 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. ஆகவே அதை வெளிநாட்டுக் கடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு யுபிஐ அட்டை. சிடி போட வேண்டாம், போட்டுக் கேட்க யார் வீட்டிலும் பெட்டி இல்லை. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற மாதிரி ஒரு பாட்டுப் புத்தகம் அச்சடியுங்கள்: ஒன்பது பாட்டின் வரி, வாசித்தவர்கள் பெயர், பின்னட்டையில் க்யூஆர் குறியீடு. சனங்கள் கையில் வைத்துக்கொண்டு கூடவே பாடுவார்கள்.

"யாராவது கேட்பார்களா" என்ற கேள்விக்கு மேடையைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியாது. 2012-ல் இங்கே தொடங்கிய தி எஃப்16ஸ் குழுவின் முழுநீள முதல் ஆல்பம் 2016-ல்தான் வந்தது; நடுவில் ஒரு இபி (சில பாட்டு மட்டும் கொண்ட சின்ன ஆல்பம்), நிறைய மேடை. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்து மைதானத்தில் முதல் மேடை ஏறியபோதே ஊர் திரும்பிப் பார்த்தது. உங்களுக்குப் பெரிய மைதானம் வேண்டாம். சேத்துப்பட்டில் உள்ள சர் முத்தா அரங்கத்தைப் பிடித்து முக்கால்வாசி நாற்காலி காலியாகக் கிடப்பதைவிட, நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ் மாதிரி ஒரு இடத்தில் நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் பாட்டு எடுபடும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் கிடைத்தால் விடாதீர்கள். 1896-ல் கட்டியது, அரைவட்டமாகப் படி ஏறிப்போகும் இருக்கை. கடைசி வரிசைக்கும் உங்கள் மூச்சு கேட்கும். எங்கே நடத்தினாலும் திறந்தவெளி என்றால் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், போலீஸ் அனுமதியும் வேண்டும். வேறு குழுக்களின் பாட்டையும் வாசிப்பதாக இருந்தால் அதற்கு ஐபிஆர்எஸ் உரிமம் தனி. அதை அரங்கம் எடுக்கிறதா, நீங்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தேதியும் முக்கியம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் பெரிய படங்களின் பாட்டு வரும், அந்த வாரங்களில் உங்களை யாரும் தேட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஏப்ரல், மே மாலைகளில் பாதி ஊர் கிரிக்கெட் பார்க்கும், மீதி ஊர் வெயிலுக்கு வீட்டை விட்டு நகராது. பொங்கல் முடிந்து, பிளஸ் டூ தேர்வு தொடங்குவதற்கு முன்னால் வரும் பிப்ரவரி நல்ல மாதம். அது தவறினால் கல்லூரி திறந்த பிறகு ஆகஸ்ட். வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சியை அடுத்த நாள் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

லேபிளுக்கு இந்த வாரமே பதில் எழுதிவிடுங்கள், இழுத்தடிக்க வேண்டாம். கோபமாகவும் எழுத வேண்டாம், நாளைக்கு அவர்களோடு வேலை செய்ய நேரலாம். "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆல்பத்தின் மாஸ்டர் உரிமையை நாங்களே வைத்துக்கொள்கிறோம். மூன்று ஆண்டுக்கு வெளியீட்டு உரிமம் மட்டும், உச்சவரம்பு குறித்த வீடியோ செலவோடு, அடுத்த ஆல்பம் பற்றிய நிபந்தனை இல்லாமல் என்றால் பேசலாம்" என்று நான்கு வரி போதும். சரி என்று திருத்திய ஒப்பந்தம் அனுப்பினால், கையெழுத்துப் போடும் முன் காப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துக் காட்டுங்கள். சொத்துப் பத்திரம் பார்க்கிற மாமாவிடம் காட்டினால் போதாது.